என் பிள்ளைக்குப் புஷ்பம் பால் கொடுத்த நாட்கள்

என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு முறை கண்டி ஆஸ்பத்திரிக்கு வந்து போயிருக்கிறான். அன்றைக்கு நானும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். அவன் கீழே, நான் மேல் மாடியில். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுந்து போயிருக்க முடியாது. கழுத்திலும் கையிலும் மூக்கிலும் குழாய்கள் இருந்தன. பிறகு என் கணவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த நோயில் எனக்கு வலித்த இடங்கள் பல. எல்லாம் ஆறிவிட்டன. அவன் வந்துபோன அந்தப் பகல் மட்டும் இன்னும் ஆறவில்லை.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் பாடசாலையில் பிள்ளைப்பேறு லீவு முடிந்து திரும்பிய இளம் ஆசிரியை ஒருத்தி, போன வாரம் மார்பைப் பொத்திக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். "பால் கட்டிக்கிச்சி டீச்சர், தன்னால சரியாயிரும்" என்றாள். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது. கையோடு அதிபரிடம் சொல்லி அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன். "ஏன் டீச்சர் இவ்வளவு பயப்படுறீங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் போனாள். அவளுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் டயகம பக்கத்தில் ஒரு தோட்டத்தில், ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக இருக்கிற லயத்துக் காம்பராக்களில் ஒன்றில் இருந்தோம். என் கணவர் யோகராஜுக்குத் தேயிலைத் தூள் ஆக்குகிற ஸ்டோரில் வேலை. நான் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஒரு பாடசாலையில் படிப்பித்தேன். பக்கத்துக் காம்பராவில் அவருடைய தம்பி குடும்பம். தம்பி கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார். தம்பி மனைவி புஷ்பம் கொழுந்து எடுத்தாள். அவளுக்கு நிரோஷா என்று ஒரு பெண் குழந்தை. என் மகன் தினேஷைவிட சில மாதங்கள் மூத்தவள்.

எனக்குத் தாய்ப்பால் நிறையச் சுரந்தது. அது ஒரு பெருமை. புஷ்பம்கூட, "அக்காவுக்கு மாடு தோத்துரும்" என்று சிரிப்பாள். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு அதுவே தொல்லையாகிவிட்டது. தினேஷைக் காலையில் பிள்ளைக்காம்பராவில், அதாவது கொழுந்தெடுக்கிற பெண்கள் தங்கள் குழந்தைகளை விட்டுப் போகிற இடத்தில், விட்டுவிட்டு ஓடுவேன். புஷ்பம் மலையிலிருந்து இடையில் ஒரு தடவை இறங்கி வந்து நிரோஷாவுக்குப் பால் கொடுத்துவிட்டுப் போவாள். எனக்கு அது முடியாது. அவனுக்குப் புட்டிப்பால். வகுப்பில் யாராவது ஒரு சின்னப் பிள்ளை அழுதால் போதும், என் சட்டை நனைந்துவிடும். சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். மாலையில் வீடு வந்து சேரும்போது மார்பு கல்லாக இருக்கும்.

ஒரு நாள் இடது மார்பில் ஒரு இடம் சிவந்து கட்டியாக இருந்தது. காம்பில் ஒரு வெடிப்பு. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். அடுத்த நாள் குளிரும் காய்ச்சலும். மழையில் நனைந்த காய்ச்சல் என்று நினைத்தேன். அந்த மாதம் முழுக்க மழை. தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சல் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டேன். மார்பைக் காட்டவில்லை. அங்கே இருந்தவர் ஆண். எனக்குக் கூச்சம்.

அடுத்த நாள் விடிந்தபோது தலை தூக்க முடியவில்லை. வாந்தி. வயிற்றால் போனது. தொடைத் தசையை யாரோ முறுக்குகிற மாதிரி வலி. தண்ணீர் கொண்டுவந்த புஷ்பம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"என்னாக்கா இது? வெயில்ல காஞ்ச மாதிரி செவந்து கெடக்கீங்க. கண்ணெல்லாம் ரத்தமா இருக்கு."

டயகமவில் அந்த வாரம் வெயிலே இல்லை. என் கையைப் பார்த்தேன். உள்ளங்கை வரைக்கும் சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுத்து, மறுபடி சிவந்தது.

யோகராஜ் வேன் பிடித்து நுவரெலியாவுக்குக் கொண்டுபோனார். கிளம்பும்போது தினேஷ் தூங்கிக்கொண்டிருந்தான். "எழுப்பாதீங்க, சாயங்காலம் வந்துருவோம்ல" என்று நான்தான் சொன்னேன். நுவரெலியாவில் பிரஷர் பார்த்த தாதி, பட்டியைக் கழற்றி மறுபடி கட்டிப் பார்த்தாள். பிறகு ஓடினாள். டொக்டர் வந்தார். இரண்டு கையிலும் சேலைன் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் இருப்பது கண்டிக்குப் போன அம்புலன்ஸ் மட்டும்தான். வளைவில் திரும்பும்போதெல்லாம் அதன் கூரை ஒரு பக்கமாகச் சரியும். யோகராஜ் என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பிடித்திருக்கிறார் என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். காலில் உணர்ச்சி இல்லை.

கண்டியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த காலத்தைக் கோர்வையாகச் சொல்ல என்னால் முடியாது. வெளிச்சம் அணையாது. பகலா இரவா என்று தெரியாது. ஒரு இயந்திரம் இடைவிடாமல் சின்னதாகச் சத்தமிட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் எனக்கு தினேஷ் பசிக்கு முன்னால் முனகுகிற சத்தமாகக் கேட்டது. எழுந்து அவனைத் தூக்கப் போவேன். கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். குழாய்களைப் பிடுங்கிவிட்டேனாம், அதனால்தான். ஒரு சிங்களத் தாதி, என் வயதுதான் இருக்கும், தெரிந்த கொஞ்சத் தமிழில் பேசுவாள். "நங்கி, பேபி நல்லம். பேபி வீட்டில நல்லம்." நங்கி என்றால் தங்கச்சி. அவளுக்கு என் பிள்ளையைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் அவள் சொல்லச் சொல்ல நான் அடங்கினேன் என்று பிறகு சொன்னார்கள்.

மார்பைத் திறந்து சீழை எடுத்தார்கள். சிறுநீரகம் வேலை செய்வதைக் குறைத்திருந்தது. பிரஷரைத் தூக்கி நிறுத்த ஒரு மருந்து, கிருமியைக் கொல்ல ஒன்று, கிருமி நஞ்சு சுரப்பதை நிறுத்த இன்னொன்று. அவற்றோடு கண்ணாடிப் போத்தல்களில் ஒரு மருந்து, மெதுவாக, மணிக்கணக்கில் ஏறியது. அது என்னவென்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தெளிவு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி பால் பற்றித்தான். மார்பு இரண்டிலும் இறுக்கமாகத் துணி சுற்றியிருந்தது. இடது பக்கத்தில் காயம். வலது பக்கத்தில் ஒன்றும் இல்லை. கனம் இல்லை, கசிவு இல்லை. அந்தத் தாதியிடம் கையால் காட்டிக் கேட்டேன். அவள் போர்வையை இழுத்து என் மார்பை மூடினாள். பிறகு சிங்களத்தில், மெதுவாக, "கிரி நே நங்கி" என்றாள். பால் இல்லை. அதைப் புரிந்துகொள்ளுகிற அளவுக்கு எனக்குச் சிங்களம் தெரிந்திருந்தது.

சாதாரண வாட்டுக்கு மாற்றிய பிறகு யோகராஜ் என் பக்கத்தில் உட்கார்ந்து பேச முடிந்தது. நானுஓயாவுக்கு பஸ், அங்கிருந்து ரயில், பிறகு ஸ்டேஷனிலிருந்து நடை. அப்படித்தான் வருவார், அப்படித்தான் போவார். அவர் இளைத்துப் போயிருந்தார். ஒரு சிலிசிலி பொலித்தீன் பேக்கில் தோடம்பழமும் என் சீப்பும் கொண்டுவந்திருந்தார்.

"புள்ள எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்."

"பால்மா குடிக்கிறானா?"

அவர் பழத்தை உரித்தார். உரித்துக்கொண்டே சொன்னார். "மொத ரெண்டு நாளு குடிச்சான். பெறகு குடிச்சதெல்லாம் வாந்தி. புட்டியக் கண்டாலே அலறுனான். நா என்னா செய்யிறதுன்னு தெரியாம தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கிறேன். புஷ்பம் வந்து வாங்கிக்கிட்டுப் போயிருச்சி. அது கொடுக்குது."

"என்னா கொடுக்குது?"

"பால்தான்."

அவர் ஒரு சுளையை என் வாயில் வைத்தார். விழுங்க நேரம் பிடித்தது.

"இன்னொண்ணும் ஒங்கிட்ட சொல்லணும்" என்றார். "நீ மேல கெடந்தப்ப அவன இங்க கொண்டாந்தோம். இந்தக் கிருமி புள்ளைக்கும் தொத்தியிருக்கான்னு பாக்கணும், கொண்டாங்கன்னு டொக்டர்மாரு சொன்னாங்க. புஷ்பம் வேலைக்குப் போகாம நிரோஷாவையும் தூக்கிக்கிட்டு எங்கூட வந்துச்சி. மூக்கில, தொண்டையில பஞ்சு விட்டு எடுத்தாங்க. ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

"ஒரு தடவ காட்டியிருக்கலாமே."

"சின்னப் புள்ளைங்கள உள்ள விடமாட்டாங்க. நீயும் கண்ணு தொறக்கல. நா மட்டும் மேல வந்து ஒன்னயப் பாத்துட்டுக் கீழ எறங்குனேன். அவன் புஷ்பம் மடியில தூங்கிக்கிட்டு இருந்தான்."

அந்தப் பகலை நான் எத்தனையோ தடவை மனசுக்குள் கட்டிப் பார்த்திருக்கிறேன். கீழே பெஞ்சில் புஷ்பம். மடியில் இரண்டு பிள்ளைகள். சேலைத் தலைப்புக்குள் என் மகனுடைய தலை. அவனுக்கும் எனக்கும் நடுவில் கொஞ்சம் படிக்கட்டு. என் பக்கத்துக் கட்டில்களில் இருந்த பெண்களுக்குப் பார்க்க ஆட்கள் வரும்போது நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். பார்வை நேரத்தில் எந்தக் குழந்தையின் அழுகை கேட்டாலும் மார்பு கூசும். பால் வற்றிவிட்டது அந்த மார்புக்குத் தெரியவில்லை.

புஷ்பம் செய்ததற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கண்ணை மூடினால் அவள் மடியில் அவன் கிடப்பதுதான் தெரியும். பால் குடிக்கும்போது அவன் ஒரு கையைத் தூக்கி என் தாலிக்கொடியைப் பிடித்துக்கொள்வான். இப்போது அவளுடையதைப் பிடித்திருப்பான். இதை யாரிடம் சொல்ல முடியும்? என் அம்மா நோர்வூட் பக்கம் தோட்டத்தில் பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வர முடியவில்லை.

கடைசியில் நான் சொன்னது ஒரு டொக்டரிடம். மைதிலி என்று பெயர். யாழ்ப்பாணத்துப் பெண். படித்து முடித்து அதிக காலம் ஆகாத டொக்டர். காலையில் பெரிய டொக்டரோடு சுற்றி வந்துவிட்டு, பிறகு தனியாக ஒரு தடவை வருவார். அப்போது போர் நிறுத்தம் வந்திருந்த காலம். யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்துவிட்டது, அம்மா அப்பாவைப் போய்ப் பார்க்கலாம், ஆனால் லீவு கிடைக்கவில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தார். அதனாலோ என்னவோ அவரிடம் பேச எனக்கு வந்தது.

அன்றைக்கு என் உள்ளங்கைத் தோல் உரியத் தொடங்கியிருந்தது. விரல் நுனியில் ஆரம்பித்து, வெங்காயச் சருகு மாதிரி, பெரிய துண்டுகளாக வந்தது. பயந்துபோய்க் காட்டினேன். அவர் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பயப்பிடாதேங்கோ. இது வரும் எண்டுதான் நாங்கள் பாத்துக்கொண்டிருந்தனாங்கள். நாங்கள் நினைச்ச வருத்தம்தான் எண்டதுக்கு இது சாட்சி. பாதத்திலயும் உரியும். பிறகு புதுத் தோல் வரும்."

"எனக்கு வந்தது என்னா டொக்டர்? சீழ் பிடிச்சதுக்கு யாராச்சும் இப்படிச் சாகக் கெடப்பாங்களா?"

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நீங்கள் ரீச்சர்தானே. உங்களுக்கு விளங்கும்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்த தாளின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார். அதிலிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி வரைந்தார்.

"இது டி செல். இரத்தத்தில இருக்கிற வெள்ளை அணுக்களில ஒரு வகை. வெளியில நீட்டிக்கொண்டு நிக்கிற இந்தக் கையை வாங்கி எண்டு புத்தகத்தில போட்டிருக்கும். இதால தடவித்தான், இது எங்கட ஆள், இது கிருமி எண்டு அது அறியும். இந்தக் கையைச் செய்யிறதுக்கு எங்கட பரம்பரை அலகில சின்னச் சின்னத் துண்டுகள் வரிசையா இருக்கு. வி எண்டு ஒரு வரிசை, அதுக்குப் பிறகு வேற வரிசை. ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு வரிசையில இருந்தும் ஒரு துண்டை எடுத்து ஒட்டித் தன்ர கையைச் செய்யும். அதால ஒரு செல்லின்ர கை மாதிரி மற்றதின்ர கை இருக்காது. எந்தக் கிருமி வந்தாலும் அதுக்குப் பொருந்துற கை ஆரிட்டயாவது இருக்கும். சரியோ?"

"சரி."

"ஒரு கிருமி வந்தா அதுக்குப் பொருந்துற மிகச் சில செல்கள்தான் எழும்பும். பெருகி, வேலையை முடிச்சுப் போட்டு அடங்கும். ஆனா உங்கட மார்பில இருந்த கிருமி ஒரு நஞ்சை விட்டது. அந்த நஞ்சு, கை எதுக்குப் பொருந்தும் எண்டெல்லாம் பாக்காது. கையின்ர பக்கவாட்டில, வி துண்டால செய்த இடத்தில போய்ப் பிடிக்கும். எல்லா வி துண்டிலயும் இல்லை. அதில ஒண்டு, வி பீட்டா இரண்டு எண்டு பேர். அந்தத் துண்டை எடுத்துக் கை செய்த செல் எல்லாம் ஒரேயடியா எழும்பிச்சுது. எவ்வளவோ கோடி. எழும்பின ஒவ்வொண்டும் இரத்தத்துக்குள்ள ரசாயனத்தைக் கொட்டும். இரத்தக் குழாய் தளரும், கசியும். பிரஷர் விழும். சிறுநீரகம் நிக்கும். தோல் சிவக்கும். கிருமி மார்பை விட்டு வெளியில வரவே இல்லை. உங்கட இரத்தத்தில கிருமி இருக்கேல்லை. உங்களைச் சாகடிக்கப் பாத்தது உங்கட காவல்காரர்தான்."

எனக்கு விளங்கியது. லயத்தில் ஒரு காம்பராவுக்குள் பாம்பு புகுந்தால் தடியோடு இரண்டு பேர் வருவார்கள், அடித்துப் போடுவார்கள். எனக்குள்ளே மொத்தத் தோட்டமும் தடியோடு அந்த ஒரு காம்பராவுக்குள் புகுந்திருக்கிறது.

"அப்படீன்னா அந்தத் துண்டு இல்லாம இருந்திருந்தா நல்லதுதானே?"

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதேங்கோ" என்று சிரித்தார். "அது நல்ல துண்டு. அந்தத் துண்டு உள்ள செல்கள் வேற எத்தினையோ கிருமியளை அடையாளம் காணுது. உங்கட தாய் தகப்பனிட்ட இருந்து உங்களுக்கு வந்தது. எனக்கும் இருக்கு. உங்கட பிள்ளைக்கும் இருக்கு."

"எல்லாருக்கும் இருக்குன்னா எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

"அதுக்குத்தான் வாறன். இந்தக் கிருமி எத்தினையோ பேரின்ர மூக்கில, தோலில சும்மா இருக்கிறது. பெரும்பாலான ஆக்கள் வளர்ந்து வாற காலத்திலயே அதைச் சந்திச்சு, அந்த நஞ்சைப் பிடிச்சு மடக்கிற பிறபொருளெதிரியை இரத்தத்தில செய்து வைச்சிருப்பினம். நஞ்சு டி செல்லிட்டப் போக முன்னமே அது பிடிச்சிடும். சில பேருக்கு அது உண்டாகிறேல்லை. ஏன் எண்டு சரியாச் சொல்ல ஏலாது. உங்களுக்கு இல்லாம இருந்திருக்கு. போத்தலில ஏத்தினமே, அது அதுதான். ஆயிரக்கணக்கான ஆக்கள் குடுத்த இரத்தத்தில இருந்து பிரிச்செடுத்த பிறபொருளெதிரி."

யார் யாரோ. முகம் தெரியாதவர்கள். அவர்களிடம் இருந்தது என்னிடம் இல்லை. அதை எனக்குள் ஏற்றியிருக்கிறார்கள். அதை நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் கேட்டேன்.

"டொக்டர், எம் புள்ளைக்கு வேற ஒருத்தி பால் கொடுக்குறா. என் கொழுந்தனாரு சம்சாரம்."

அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அழுவதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

"அவ சுகமா இருக்கிறாவோ?"

"கல்லு மாதிரி இருக்கா."

"அப்ப அவவுக்கு அந்தப் பிறபொருளெதிரி பெரும்பாலும் இருக்கும். நாங்கள் சோதிச்சுப் பாக்கேல்லை, அதால கட்டாயம் எண்டு சொல்ல மாட்டன். ஆனா இருக்கிற ஆக்களுக்கு அது பாலிலயும் போகும். பிள்ளையின்ர வாய், தொண்டை, குடல் எல்லாத்துக்கும் ஒரு காவல்."

"எம் பால்ல?"

"இந்த நஞ்சுக்கு எதிரானது உங்களிட்ட இல்லை. இல்லாததைக் குடுக்க ஏலாதுதானே அக்கா."

அதுவரை ரீச்சர் என்று கூப்பிட்டவர் அப்போதுதான் என்னை அக்கா என்றார்.

அந்தப் பதில் எனக்கு ஆறுதலா வலியா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. நான் நிறையக் கொடுக்கிறேன் என்று பெருமைப்பட்ட பாலில் ஒன்று குறைவாக இருந்திருக்கிறது. அது அவளுடைய பாலில் இருந்திருக்கலாம். அன்று முதல் கண்ணை மூடும்போது தெரிகிற படம் மாறவில்லை. அதே மடி, அதே தலை. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு கிடக்க என்னால் முடிந்தது. குடி, நல்லா குடி என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். சொல்லிவிட்டு ஏங்குவேன்.

வீட்டுக்கு விடுகிற நாளில் டொக்டர் மைதிலி இரண்டு விஷயம் சொன்னார். இந்த நோய் ஒரு தடவை வந்தால் உடம்பு பாடம் படித்துக்கொள்ளும் என்று நம்பக் கூடாது, சில பேருக்கு மறுபடியும் வரும்; எங்கே சீழ் பிடித்தாலும், காய்ச்சலோடு தோல் சிவந்தாலும், ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், கூச்சப்படவும் வேண்டாம். இரண்டாவது, தலைமுடி கொட்டும், நகம் கழலும், பயப்பட வேண்டாம், திரும்ப வளரும். அவர் சொன்னபடியே கொட்டியது. வளர்ந்தது. நோய் இதுவரை திரும்பவில்லை.

ரயிலில் நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். மலை ஏற ஏறக் குளிர் வந்தது. புதுத் தோல் வந்த உள்ளங்கையில் எல்லாம் அதிகமாக உறைத்தது. ஜன்னல் கம்பி ஐஸாக இருந்தது. யோகராஜ் என் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். ஸ்டோரில் வேலை செய்து காய்த்த அந்தக் கையின் ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரிந்தது.

லயத்து வாசலில் புஷ்பம் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கும் வேலைக்குப் போகவில்லை. இடுப்பில் தினேஷ். கன்னம் உப்பி, நிறம் மாறி, வேறு பிள்ளை மாதிரி இருந்தான். நான் கையை நீட்டினேன். அவன் என்னைப் பார்த்தான். என் முகத்தை, பிறகு என் கையை. அப்புறம் திரும்பிப் புஷ்பத்தின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"கோவமா இருக்கான்க்கா" என்றாள் புஷ்பம். "விட்டுட்டுப் போயிட்டீங்கள்ல."

கோபம் இல்லை. அவனுக்கு என்னைத் தெரியவில்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் பசித்து முனகினான். அவள் என்னைப் பார்த்தாள். சட்டையில் கை வைத்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"கொடு" என்றேன். "பசிக்குதுல்ல."

"நீங்க ஒருக்கா வச்சுப் பாருங்கக்கா. வலது பக்கம்."

"ஒண்ணுமில்ல புஷ்பம். வத்திருச்சி."

அவள் கொடுத்தாள். நான் நினைத்த மாதிரியே அவன் ஒரு கையைத் தூக்கி அவள் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். அவனுடைய பாதம் என் முழங்காலில் இடித்தது. அதை மெதுவாகப் பிடித்துக்கொண்டேன். அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை. குடித்து முடிகிற வரைக்கும் பிடித்திருந்தேன்.

அதற்குப் பிறகு அதுவே எங்கள் பழக்கமாகிவிட்டது. நான் பாடசாலையிலிருந்து வந்ததும் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். அவள் பால் கொடுப்பாள். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பேன். அவன் தூங்கிய பிறகு அவள் அவனை அப்படியே என் மடிக்கு நகர்த்துவாள். எழும்போது என் முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய கணக்கு. முதலில் எழுந்ததும் அழுவான். பிறகு அழாமல் பார்ப்பான். ஒரு நாள் எழுந்து, என்னைப் பார்த்து, திரும்பத் தூங்கிவிட்டான். அன்றைக்கு நான் சோறு சமைக்கவில்லை. மடியை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். புஷ்பம்தான் இரண்டு வீட்டுக்கும் ரொட்டி சுட்டாள்.

சோறு சாப்பிடத் தொடங்கியதும் பாலை மறந்தான். என்னிடம் ஒட்டிக்கொண்டான். ஊரில் எந்தப் பிள்ளையையும் போல அம்மா அம்மா என்று சேலையைப் பிடித்துக்கொண்டு திரிந்தான். ஆனாலும் என் மார்பிலிருந்து அவன் கடைசியாகக் குடித்தது எப்போது என்று எனக்குத் தெரியாது. காய்ச்சல் மயக்கத்தில் நடந்திருக்கும். கடைசி என்று தெரிந்திருந்தால் கவனித்திருப்பேன். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்தோம். அந்த ஏக்கம் அப்படியே நின்றுவிட்டது.

அவனும் நிரோஷாவும் பாடசாலை போகத் தொடங்கிய வருஷம் புஷ்பம் குவைத்துக்குப் போனாள். லயத்தை விட்டு ஒரு சொந்த வீடு கட்ட வேண்டும் என்பது அவளுக்கு ஆசை. கொழும்புக் கடைச் சம்பளத்தில் அது நடக்காது. போகிற அன்று நிரோஷாவை என் கையில் கொடுத்தாள். "ஒங்ககிட்ட இருந்தா எனக்குப் பயமில்லக்கா" என்றாள். நானுஓயாவில் ரயில் கிளம்புகிற வரைக்கும் அவள் அழவில்லை. ரயில் நகர்ந்த பிறகு ஜன்னலில் முகத்தைக் காணவில்லை.

அங்கே ஒரு வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிற வேலை. வெள்ளிக்கிழமைகளில் அங்கிருந்து போன் எடுப்பாள். நிரோஷா ஆரம்பத்தில் போனைப் பிடித்துக்கொண்டு அழுவாள். பிறகு பழகிவிட்டது. "சரிம்மா, ம், சரி" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிடுவாள். இரவில் என் பக்கத்தில்தான் தூங்குகிறாள். தூக்கத்தில் என் காதைப் பிடித்துக்கொள்வாள்.

போன வெள்ளிக்கிழமை புஷ்பம் எடுத்தபோது நான் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். பாயில் உட்கார்ந்து, பருப்பு யாருக்கு அதிகம் என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். நிரோஷா வாயில் சோற்றோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு போனை என்னிடம் நீட்டினாள்.

"சாப்புடுறாங்க புஷ்பம். முடிச்சதும் பேசச் சொல்றேன். வச்சுட்டு எடுக்கிறியா?"

"வைக்காதீங்கக்கா" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "அதுங்க பேச வேணாம். போன அப்படியே பாயில வைங்க. சத்தம் கேட்டாப் போதும்."

நான் போனைப் பாயில், சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். பிள்ளைகள் சண்டையைத் தொடர்ந்தார்கள். நான் பருப்பைப் பங்கு வைத்தேன்.